அனுமதிக்கப்பட்ட பிழை

ஊரில் உள்ள தராசுகள் எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை அந்த அலுவலகத்துக்கு வந்து, தாங்கள் யோக்கியம்தான் என்று நிரூபித்துவிட்டுப் போக வேண்டும். சோதனை பெரிய விஷயமில்லை. சமதளமான மேஜையில் தராசை வைப்பார்கள். தட்டில் ஒன்றும் இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நின்றால் எடைக்கல்லை வைப்பார்கள். நிற்காவிட்டால் எடைக்கல் வைக்கிற பேச்சே இல்லை; பக்கவாட்டில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். சும்மா இருக்கும்போதே ஒழுங்காக இருக்கத் தெரியாதது, சுமையை வைத்தால் என்ன லட்சணத்தில் இருக்கும் என்பது அந்த அலுவலகத்தின் ஆதாரக் கேள்வி. தராசுகளைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான்.

தேறிய தராசு கடைசியாக வந்து சேரும் மேஜை ஒன்று உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர் தராசின் அடியில் உள்ள துளையில் கம்பியைக் கோத்து, முனையில் ஈயக் குண்டைச் செருகி, குறடால் ஓர் அழுத்து அழுத்துவார். குண்டு நசுங்கித் தட்டையாகி, அதில் ஆண்டும் அலுவலகச் சின்னமும் பதிந்துவிடும். அப்புறம் அதை யாரும் பிரிக்கக் கூடாது, பிரித்தால் குற்றம். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தக் குறட்டை அழுத்தியவரை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முத்திரை என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மனைவியே ஒருமுறை போன் செய்து பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முத்திரைக்கு ஒரு ரகசியம் இருந்தது. தினமும் காலை பதினொரு மணி வாக்கில், ஒரு காரணமும் இல்லாமல், அவருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கும். உள்ளங்கை ஈரமாகும். பின்னால் யாரோ கோபமாகக் கூப்பிட்டுவிட்டு நிற்பது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் சுவர்தான் இருக்கும். ஒருநாள் பயந்துபோய் டாக்டரிடம் போனார். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதயம் நல்லாத்தான் இருக்கு. இது பதட்டம். தினம் கொஞ்சம் வேகமா நடங்க, இல்ல படி ஏறுங்க. குறையும்" என்றார். அவ்வளவுதான் வைத்தியம்.

அலுவலகத்தின் பின்பக்கத்தில், தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று கட்டிய படிக்கட்டு ஒன்று இருந்தது. ஆறு மாடி, நூற்று முப்பத்திரண்டு படி. இதுவரை தீப்பிடிக்காததால் அங்கே யாரும் வருவதில்லை. பதினொரு மணிக்கு முத்திரை குறட்டை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் மேலே ஏறுவார். ஏறியதும் இறங்குவார். இரண்டாவது தடவை ஏறும்போதே கூப்பிட்டவர் போய்விட்டிருப்பார். திரும்பி வந்து உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது தராசுக்கு முத்திரை அடித்துவிடுவார். இதில் எவருக்கும் ஒரு சிரமமும் இல்லை. அதனால்தான் நிர்வாகத்தின் கண்ணில் அது நீண்ட நாள் படவில்லை.

அந்தப் படியில் இன்னொருவரும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். புகார்ப் பிரிவில் உட்காரும் அம்மா. எல்லாரும் புகாரம்மா என்பார்கள். எடையில் ஏமாந்தவர்கள் எல்லாரும் ஏமாற்றியவனை விட்டுவிட்டு நேராக அவரிடம் வந்து கத்திவிட்டுப் போவார்கள். எட்டு வருஷத்துக்கு முன், முதல் தடவை மூன்றாம் மாடித் திருப்பத்தில் இருவரும் எதிரெதிரே நின்றபோது அவர் கையிலும் செருப்பு இருந்தது.

"மேல ஃபேன் அணைச்சிருக்கானு பாக்கப் போனேண்ணே," என்றார் புகாரம்மா.

"நான் சாவியைத் தேடறேம்மா," என்றார் முத்திரை.

அதற்குப் பிறகு இருவரும் பொய் சொல்லத் தேவைப்படவில்லை. ஒருவர் சுவர் ஓரமாகப் போவார், மற்றவர் கைப்பிடி ஓரமாக. ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஒருநாள் மட்டும் முத்திரைக்கு நான்காம் மாடியில் மூச்சு முட்டிப்போய், படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலேயிருந்து இறங்கி வந்த புகாரம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவரைத் தாண்டி இரண்டு படி இறங்கி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முத்திரைக்கு மூச்சு சீராகும்வரை அப்படியே இருந்தார். சீரானதும் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கீழே போய்விட்டார். தன் வாழ்க்கையில் யாரும் தனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை என்று முத்திரைக்குத் தோன்றியது. அதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் கெட்டுப்போகிற விஷயம் அது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போனார்.

மூன்று நாள் மாநாடு. திரும்பி வந்தவர் அறுபது ஊழியர்களையும் கூடத்தில் நிற்க வைத்துப் பேசினார். "உடற்பயிற்சி பண்ணா பதட்டம் குறையும். இது இப்ப உலகம் பூரா ஒத்துக்கிட்ட விஷயம். நம்ம ஆபீஸ்ல மட்டும் இது நடக்காம இருக்கறது எனக்கு அவமானமா இருக்கு. எனக்குப் பதட்டம் கிடையாது. ஏன்னா எனக்கு வர்ற பதட்டத்தை எல்லாம் அன்னன்னிக்கே நான் கீழ அனுப்பிடுவேன். அது உங்ககிட்டதான் வந்து சேந்திருக்கணும். யார் யார்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சா போதும். கை தூக்குங்க."

ஒருவரும் கை தூக்கவில்லை. மாதக் கடைசிக்குள் பதினைந்து பதற்றக்காரர்கள் கிடைத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார். பதற்ற மேலாண்மைக் குழு அமைக்கப்பட்டது. அதன் செயலராக எடைக்கல் அறையின் பொறுப்பாளர் நியமிக்கப்பட்டார். முப்பது ஆண்டுகளாக எடைக்கற்களைப் பட்டுத்துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தவர் அவர். மனிதர்களோடு பழகிய அனுபவம் இல்லை என்பதால் பாரபட்சம் இருக்காது என்று இயக்குநர் காரணம் சொன்னார்.

செயலர் முதலில் ஒரு படிவம் கொடுத்தார். உங்களுக்குப் பதற்றம் உண்டா? வேலை நேரத்தில் பதற்றத்தால் நடமாடும் எவரையாவது பார்த்ததுண்டா? அறுபது பேரும் இல்லை, இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். முத்திரையும் எழுதினார். எழுதும்போது உள்ளங்கை ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது.

அடுத்த வாரம், 'உடற்பயிற்சி செய்வோம், அமைதி அடைவோம்' என்று எழுதிய துணியைக் கட்டுவதற்கு இடம் தேடிக்கொண்டு குழு பின்படிக்கட்டில் ஏறியது. நான்காம் மாடித் திருப்பத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வியர்வை வழிய முத்திரை நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்றார் செயலர்.

"ஏறிட்டிருக்கேன் சார்."

"ஏறி?"

"இறங்குவேன்."

"அப்புறம்?"

முத்திரை சிறிது யோசித்துவிட்டு, "திரும்ப ஏறுவேன் சார்," என்றார்.

செயலரின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், "கிடைச்சுட்டார்," என்றார்.

அன்று மாலையே பின்படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. பதற்றத்துக்காக அனுமதியின்றி, மேற்பார்வையின்றி, அளவின்றி உடற்பயிற்சி செய்தது குற்றம் என்றும், ஆனாலும் திட்டத்தின் முதல் பயனாளி என்பதால் அதை மன்னித்திருப்பதாகவும் முத்திரைக்குக் கடிதம் வந்தது. படிவத்தில் பொய் எழுதியதையும் மன்னித்திருந்தார்கள். தீப்பிடித்தால் என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, தீப்பிடிப்பவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்தால் சாவி தரப்படும் என்று செயலர் சொன்னதாகக் கேள்வி.

இனி பயிற்சியை முறைப்படி நடத்த வேண்டும். முறை என்றால் அந்த அலுவலகத்துக்குத் தெரிந்தது ஒரே முறைதான். சும்மா இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். விரலில் மாட்டினால் நாடித் துடிப்பைக் காட்டும் கருவி ஒன்று வாங்கினார்கள். மனிதனுக்குப் பூஜ்யம் எது என்பதில் மட்டும் சிக்கல் வந்தது. நாடி பூஜ்யமாக இருந்தால் ஆளே இருக்கமாட்டான் என்று ஒருவர் சொல்ல, மூன்று மணி நேரம் கூட்டம் நடந்தது. கடைசியில், அலுவலகத்தில் மூத்தவர் என்ற முறையில் இயக்குநரின் நாடியையே மூல எடைக்கல்லாக வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தார்கள். மாட்டிப் பார்த்தார்கள். எழுபத்திரண்டு. அனுமதிக்கப்பட்ட பிழை, மேலே இரண்டு, கீழே இரண்டு.

"பத்து நிமிஷம் அந்த ஸ்டூல்ல ஒண்ணும் பண்ணாம உக்காருங்க," என்றார் செயலர். முத்திரை உட்கார்ந்தார். ஐந்து பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். கருவி தொண்ணூற்றாறு காட்டியது.

"பூஜ்யம் வரலையே," என்றார் செயலர் வருத்தத்தோடு. "சும்மா இருக்கும்போதே இப்படின்னா உங்க மேல பயிற்சியை எப்படி ஏத்தறது? எழுபத்திரண்டுக்கு வாங்க. வந்ததும் ஆரம்பிச்சிடலாம்."

"படி ஏறினா வந்துடும் சார்."

"வந்தாதான் ஏறலாம்."

இப்படியாகக் கூடத்தில் தினமும் பதினொரு மணிக்கு உடற்பயிற்சி தொடங்கியது. பூஜ்யம் காட்டியவர்கள், அதாவது பதற்றமே இல்லாதவர்கள், விசில் சத்தத்துக்குக் கையை வீசி நடந்தார்கள். சோதனை மேஜைக்காரர்கள் இருவர் தூக்கம் வருகிறது என்றார்கள். ரொம்ப அமைதியாகிவிட்டார்கள் என்று குழுவினர் குறித்துக்கொண்டார்கள். முத்திரை மூலையில் சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய எண் கரும்பலகையில் ஏறியது. முதல் நாள் தொண்ணூற்றாறு, மறுநாள் நூற்றிரண்டு, அடுத்த நாள் நூற்றெட்டு. வாசலில் காவலுக்கு இருப்பவர்கூட, "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டவர் நல்ல மனிதர். அதனால் முத்திரைக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. கழிப்பறைக்குப் போனால்கூட யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் கை கழுவிக்கொண்டு வந்தார்.

புகாரம்மாவுக்கும் படி போய்விட்டது. அவர் பதினொரு மணிக்கு, சாக்பீஸ் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு கூடத்தை இரண்டு தடவை வேகமாகச் சுற்றி வந்தார். ஸ்டூலின் அருகே வரும்போது மட்டும் நடை மெதுவாகும். அவர் கரும்பலகையைப் பார்த்ததே இல்லை.

பத்தாவது நாள் செயலர் முத்திரையின் மேஜைக்கு வந்து கையை நீட்டினார்.

"குறட்டைக் குடுங்க."

"எதுக்கு சார்?"

"சரிபார்க்காத கையால சரிபார்த்த தராசுக்கு முத்திரை போடறது முறை இல்ல. நீங்க பூஜ்யத்துக்கு வந்ததும் வாங்கிக்கலாம். இந்த மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா உங்க இடத்துக்கு வேற ஆள் போட்டு, உங்களை..." என்று நிறுத்தினார். அவருக்கு மனிதர்களுக்கான சொல் கிடைக்கவில்லை. கையால் காற்றில் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினார்.

குறடு போனதும் முத்திரைக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மேஜையின் முன்னால் தேறிய தராசுகள் வரிசையாகச் சேர்ந்தன. மூன்றாம் நாள் ஒரு காய்கறிக்காரம்மா அவர் மேஜையில் கையூன்றி நின்றாள்.

"இந்தத் தராசு நல்லா இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு."

"நல்லாத்தான் இருக்கும்மா."

"அப்ப சீல் போட வேண்டியதுதான?"

"நான் நல்லா இல்லம்மா," என்றார் முத்திரை. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் அவர் எதையும் சொல்லவில்லை. "உக்காந்த வேலைதான பாக்கறீங்க, செருப்பு எப்படி இப்படித் தேயுது?" என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "இந்த மாசம் தேயவே இல்லையே," என்று செருப்பைத் திருப்பிப் பார்த்துச் சொன்னாள். அவர் குளிக்கப் போய்விட்டார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. பதினைந்து பேர் வேண்டிய இடத்தில் குழுவிடம் ஒருவர்தான் இருந்தார், அவரும் நூற்றுப்பத்தில் இருந்தார். இயக்குநர் அவரைத் தன் அறைக்கு வரவழைத்தார். தேநீர் கொடுத்தார். அந்த அறையில் கீழ்நிலை ஊழியர் தேநீர் குடிப்பது முதல் தடவை என்பதால் எந்தக் கையால் கோப்பையை எடுப்பது என்று முத்திரைக்குக் குழப்பமாக இருந்தது. திட்டத்தில் சேர்த்தபோது முத்திரை நிரப்பிக் கொடுத்திருந்த இரண்டாம் படிவத்தைச் செயலர் நீட்டினார்.

"பதினாலாவது கேள்வி மட்டும் பாக்கி வச்சிருக்கீங்க," என்றார்.

பதினான்காவது கேள்வி: தங்களைப் போலவே படிக்கட்டைப் பயன்படுத்திய சக ஊழியரின் பெயர்.

"அது... தெரியலை சார்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது காட்டிக் குடுக்கறது இல்ல. நீங்க அப்படி நினைச்சுட்டிருந்தா தப்பு. இது அக்கறை. நீங்க மட்டும் குணமாகிட்டு, கூட இருக்கற ஒருத்தர் கஷ்டப்படட்டும்னு விடறதுதான் துரோகம். நான் இந்த நாற்காலிக்கு எப்படி வந்தேன்னு நினைக்கறீங்க? கூட இருந்தவங்க மேல எல்லாம் அக்கறையா இருந்துதான் வந்தேன்."

செயலர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே குறடு இருந்தது. பிடியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தன் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் முத்திரைக்குத் தெரிந்தது. செயலர் இழுப்பறையை மூடவில்லை.

நல்ல காரியம்தான் செய்கிறோம் என்று தன்னைத்தானே நம்பவைக்க முத்திரைக்கு அரை நிமிடம் ஆனது. அந்த அம்மாவும் சாக்பீஸ் எடுக்கப் போவதாகப் பொய் சொல்லிக்கொண்டு எத்தனை நாள் கூடத்தைச் சுற்றுவார்? பெயர் கொடுத்தால் அவருக்கும் முறைப்படி பயிற்சி கிடைக்குமே. மன்னிப்புக் கடிதம்கூடக் கிடைக்கும், தனக்குக் கிடைத்ததே. இதெல்லாம் பொய் என்று அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. பேனாவை வாங்கி எழுதினார். பெயர் நினைவுக்கு வராமல், புகார்ப் பிரிவு என்று எழுதினார்.

செயலர் உடனே அவர் விரலில் கருவியை மாட்டினார். இயக்குநரும் எட்டிப் பார்த்தார். எழுபத்து மூன்று.

"அனுமதிக்கப்பட்ட பிழைதான்," என்றார் செயலர். அவர் கண்ணில் நீர் நின்றது. "நம்ம முறை வேலை செய்யுது சார்."

முத்திரை தன் விரலைப் பார்த்தார். நெஞ்சு நிஜமாகவே அமைதியாக இருந்தது. அதற்காக அவருக்குத் தன் உடம்பின் மேலேயே அருவருப்பு வந்தது.

மறுநாள் கூடத்தில் விழா. இயக்குநர் முத்திரைக்கு மன அமைதிச் சான்றிதழ் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் ஒரு தாளைப் பார்த்து, இரண்டாவது பயனாளியும் கிடைத்துவிட்டார் என்று சொல்லிப் புகாரம்மாவை முன்னால் அழைத்தார். தாளில் பெயர் இல்லாததால், "புகார்ப் பிரிவு, வாங்க," என்றார். புகாரம்மா கூட்டத்தின் நடுவிலிருந்து வந்து நின்றார். கையில் சாக்பீஸ் இருந்தது.

"இவங்களுக்கும் பதட்டம் இருக்கு," என்றார் இயக்குநர். "ஏன் வந்துச்சுன்னு நான் யோசிச்சேன். புகார்ப் பிரிவுல உக்காந்திருக்கறவங்க மனசுல புகார் படவே கூடாது. வாங்கணும், நம்பர் போடணும், வச்சிடணும். இந்தம்மா காது குடுத்துக் கேட்டிருக்காங்க. பதினோரு வருஷமா கேட்டிருக்காங்க. அதுதான் நோயே. நாளையிலேர்ந்து இவங்க அடித்தளத்துல, பழைய ஃபைல் அறையில இருப்பாங்க. அங்க யாரும் வரமாட்டாங்க. புகார்ப் பிரிவுல இனிமே ஒரு பெட்டி வைக்கறோம்."

கைதட்டல் எழுந்தது. கைதட்டாமல் இருந்தால் பதற்றமோ என்று சந்தேகம் வரும் என்பதால் பலமாகவே எழுந்தது. முத்திரையின் கையில் சான்றிதழ் இருந்ததால் அவர் தட்டவில்லை. அந்தச் சாக்கு கிடைத்ததற்காக அவர் நிம்மதியடைந்தார், நிம்மதியடைந்ததற்காக வெட்கப்பட்டார். புகாரம்மா யாரையும் தேடவில்லை. கையில் இருந்த சாக்பீஸைக் கரும்பலகையின் கீழ் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே போனார்.

மாலையில் மனைவி சான்றிதழை இரண்டு தடவை படித்தாள்.

"பதட்டம் இல்லைன்னு குடுத்திருக்காங்களா?"

"ஆமா."

"அப்ப இருந்துச்சா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"எத்தனை வருஷமா?" என்றாள். அவர் செருப்பைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே. சேந்து நடந்திருப்பேனே," என்றாள். அப்புறம், "இது வேற யாருக்கெல்லாம் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு மட்டும்தான்," என்றார் முத்திரை. அது உண்மைதான். உண்மையைச் சொல்லி இவ்வளவு கூசியது அவருக்கு அன்றுதான்.

காலையில் செயலர் குறட்டைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே, சான்றிதழ் பெற்றவர் என்ற முறையில் பின்படிக்கட்டின் சாவியையும் கொடுத்தார். அது ஒரே சாவி. பிறகு ஒரு கோப்பைத் திறந்து வைத்து, "இதுல சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போட்டுடுங்க," என்றார்.

"என்ன சார் இது?"

"அந்தம்மா மேல குற்றச்சாட்டு. முதல் படிவத்துல அவங்க எழுதினதும் நீங்க ரெண்டாம் படிவத்துல எழுதினதும் ஒத்துப் போகலை. ரெண்டையும் வச்சு நிறுத்துப் பாத்தோம். அவங்களோடது பொய்னு ஆகிடுச்சு."

மேலே இருந்தது புகாரம்மாவின் படிவம். மற்ற ஐம்பத்தொன்பது படிவங்களிலும் ஒற்றைச் சொல்லில் இல்லை என்று இருந்த இடத்தில், இவர் மட்டும் இரண்டு வரி எழுதியிருந்தார். 'படிக்கட்டில் நான் யாரையும் பார்த்ததில்லை. முத்திரை அண்ணன் எப்போதும் தன் மேஜையில்தான் இருப்பார். அவர் கை நடுங்கி நான் கண்டதில்லை.'

முத்திரையைப் பற்றி அந்த அம்மாவிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. என்றைக்காவது கேட்பார்கள் என்று பயந்து, முந்திக்கொண்டு எழுதி வைத்திருந்தார்.

முத்திரை அதை மூன்று தடவை படித்தார். "சார்," என்றார். "நான் எழுதினதைத் திரும்ப வாங்கிக்கலாமா?"

செயலர் சிரித்தார். அவருக்கு நகைச்சுவை பிடிக்கும். "அடிச்ச முத்திரையைப் பிரிச்சா குற்றம். உங்களுக்கா நான் சொல்லணும்?"

முத்திரை கையெழுத்துப் போட்டார். போடாமல் இருந்திருக்கலாம் என்பது மேஜைக்குத் திரும்பி, மூன்று தராசுக்கு முத்திரை அடித்த பிறகுதான் அவருக்குத் தோன்றியது.

பதினொரு மணிக்குப் பூட்டைத் திறந்து படியேறினார். செருப்பைக் கழற்றத் தேவையில்லை, இப்போது அனுமதி இருக்கிறது. ஆனாலும் கழற்றினார். நெஞ்சு அடிக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. வேறு ஏதோ ஒன்று வயிற்றுக்குக் கீழே கல்லாகக் கிடந்தது. ஒரு தடவை ஏறி இறங்கினார், இரண்டு தடவை, நான்கு தடவை. கைப்பிடி ஓரத்தைக் காலியாக விட்டுச் சுவர் ஓரமாகவே போனார். டாக்டர் பதற்றத்துக்குத்தான் வழி சொன்னார். இதற்கு எத்தனை படி என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் தடவை இறங்கும்போது தரைத்தளத்தில் நிற்காமல் அடித்தளத்துக்கு இறங்கினார். படிச் சாவியை அந்த அம்மாவிடம் கொடுத்துவிடுவது, காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

கோப்பறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகள், நடுவே குறுகலான வழிகள். வெறுங்கால் நடக்கும் சத்தம் கேட்டது. வேகமாக, சீராக, ஒரு அலமாரியைச் சுற்றி அடுத்த அலமாரிக்கு. மூச்சு வாங்கும் சத்தமும் கேட்டது. அந்த நடையை முத்திரைக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருஷமாகக் காதால் மட்டும் பார்த்த நடை. கதவைத் தள்ளினார்.

கதவு கிறீச்சிட்டதும் நடை நின்றது. புகாரம்மா இரண்டாம் அலமாரி ஓரத்தில் தெரிந்தார். நெற்றியில் வியர்வை. ஒரு கையில் செருப்பு. வந்தது முத்திரை என்று பார்த்ததும் செருப்பை மெல்லக் கீழே விட்டுக் காலில் மாட்டிக்கொண்டார். கைக்கு எட்டிய கோப்பு ஒன்றை அலமாரியிலிருந்து உருவி, எதையோ தேடுவது போலப் புரட்டினார். படியில் எட்டு வருஷம் இருவரும் பொய் சொல்லாமல் இருந்ததை அவர் அந்த ஒரு நொடியில் முடித்து வைத்தார். பிறகு நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. புகார்ப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களைப் பார்க்கிற அதே முகம்.

"எந்த ஃபைல் வேணும் சார்?" என்று கேட்டார்.

அண்ணே என்று சொல்லவில்லை. முத்திரையின் பைக்குள் சாவி இருந்தது. கை அதன் மேல்தான் இருந்தது. வாய் தானாக ஒரு கோப்பு எண்ணைச் சொன்னது. புகாரம்மா போய்த் தேடி எடுத்து, தூசியைத் தட்டி, பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"வாங்கிட்டதா இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

முத்திரை குனிந்து கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.